எங்கள் வீட்டுக் கிரேக்கக் கல்லறை

எங்கள் வீட்டில் ஒரு கிரேக்கக் கல்லறைக் கல் இருந்தது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். தொண்ணூறுகளில் பலெர்மோவில் இருந்த தமிழ்க் குடும்பங்களில், இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கல்லறை ஒன்று எழுத்தும் உருவமுமாக வேறு எந்த வீட்டில் இருந்தது என்று யாராவது காட்டட்டும். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

'எங்கள் வீடு' என்று நான் சொல்வதில் கொஞ்சம் பிசகு உண்டு. வீடு எங்கள் முதலாளியம்மா சினியோராவுடையது. மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகும் வழியில், ஒரு காலத்தில் வெறும் தோட்டங்களாகக் கிடந்த நிலத்தில், பிரபுக்கள் கோடையைக் கழிப்பதற்கென்று கட்டிய மாளிகைகளில் அது ஒன்று. எங்கள் காலத்தில் சுற்றிவர மாடிக் குடியிருப்புகள் முளைத்துவிட்டன. உயர்ந்த மதிலுக்கு உள்ளே மட்டும் எலுமிச்சைத் தோட்டமும் நடுவில் முப்பது அறைகள் கொண்ட வீடும் அப்படியே இருந்தன. அந்த முப்பது அறைகளுக்கும் சினியோரா ஒரேயொரு ஆள். கேற்றோடு ஒட்டிய இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். ஆட்கணக்கில் பார்த்தால் அது எங்கள் வீடுதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒன்பது வயதில் எனக்கு எதிலும் சந்தேகமே வந்ததில்லை.

அப்பா தோட்டத்தையும் கேற்றையும் பார்த்தார். அம்மா வீட்டைப் பார்த்தார். சினியோராவின் பாட்டனாருக்குப் பழங்கல் என்றால் பைத்தியம். தலையில்லாத பெண்கள், கையில்லாத வீரர்கள், வாயுடைந்த சாடிகள் என்று சிசிலியில் மண்வெட்டி பட்டு வெளியே வந்ததையெல்லாம் வாங்கி வீட்டை நிரப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவற்றுக்குத் தூசி தட்ட வேண்டும். "தலை மட்டும் இருந்திருந்தா இவையளுக்கு நான் தலையும் இழுத்துவிட வேண்டி வந்திருக்கும்," என்று அம்மா சீப்பைக் காட்டிச் சொல்வார்.

கல்லறைக் கல் இவற்றோடு சேர்ந்ததில்லை. அது வீட்டின் பின்பக்கம், எலுமிச்சைத் தோட்டத்தைப் பார்த்த வளைவு விறாந்தையின் கடைசியில், சுவரில் சாய்ந்து நின்றது. என் நெஞ்சளவு உயரம். உச்சி சின்னக் கூரை மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு சிறுமி, கையில் ஒரு குருவியை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு மூக்கு இல்லை. காலடியில் இரண்டு வரி எழுத்து. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வாசிக்கிற எனக்கே அதில் ஒரு சொல் பிடிபடவில்லை என்பதுதான் அந்தக் கல்லின்மேல் எனக்கிருந்த ஒரே மனத்தாங்கல்.

முன்பிருந்த தோட்டக்காரன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி அந்தக் கல்லின் தலையில்தான் மாட்டி வைப்பானாம். அப்பா வேலைக்கு வந்த முதல்நாளே சுவரில் ஆணியடித்துக் குழாயை அதற்கு மாற்றினார். ஆனால் கல்லுக்கு முன்னால் ஜெரேனியம் பூச்சட்டிகளை அடுக்கச் சொன்னது சினியோரா. அதில் அப்பா கை வைக்க முடியாது. ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொள்வார். கிரேக்கப் பிள்ளை வேதக்காரப் பிள்ளை இல்லை, கிறிஸ்துவுக்கே முந்தியவள் என்று அம்மா சொன்னால், "செத்த பிள்ளைக்கு என்ன வேதம், என்ன சைவம்," என்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூன்று வயதில் மன்னாரிலிருந்து வந்தவள் நான். இத்தாலியன் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அப்பாவும் சினியோராவும் எலுமிச்சை, களை, பூச்சி மருந்து என்று நாள் முழுக்கத் தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்கள். அதற்கு அப்பாவிடம் இருந்த நாற்பது ஐம்பது சொற்கள் போதும். ஆனால் பெரிய விஷயம் என்றால், கடிதம் வந்தால், அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தால், என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா சொல்லச் சொல்ல நான் இத்தாலியனில் சொல்வேன். சீருடையோடு இருக்கிற மனிதர்கள் குனிந்து என் வாயைப் பார்ப்பார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு திமிரைக் கொடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் கார்த்திகை, அதாவது நவம்பர், பிறக்கும் கிழமையில்தான் வினை தொடங்கியது. பலெர்மோவில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர்களுக்கான திருநாளன்று, கார்த்திகை இரண்டாம் தேதி காலையில், அந்தந்த வீட்டுச் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள். விளையாட்டுச் சாமான், பழம் மாதிரியே செய்த பாதாம் இனிப்பு, சீனியில் வார்த்து நிறம் தீட்டிய பொம்மை. பிள்ளைகள் விடிய எழும்பிக் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குள்ளும் தேடுவார்கள். யாருடைய பாட்டன் என்ன கொண்டுவருவான் என்பதுதான் வகுப்பில் அந்தக் கிழமை முழுவதும் பேச்சு.

என் பின் வாங்கில் இருந்த, பேக்கரி வைத்திருக்கும் பாண்காரரின் மகள் என்னைப் பார்த்து, உங்களுடைய செத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். மன்னாரில் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். அவ்வளவு தூரம் அவர்களால் வர முடியாதே, பாவம், அப்படியானால் உனக்கு ஒன்றும் கிடைக்காதே என்றாள். நக்கலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் உண்மையாகவே பாவப்பட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, எங்கள் வீட்டிலேயே ஒரு செத்த பிள்ளை இருக்கிறாள், உங்கள் எல்லாருடைய செத்தவர்களையும்விட அவள் பழையவள், அவள் எங்கள் சொந்தக்காரி என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியை மேசையில் தட்ட வேண்டியதாயிற்று.

அன்று சாப்பாட்டின்போது அழுது அழுது வீட்டில் சொன்னேன். "செத்த பிள்ளையைச் சொந்தம் எண்டு சொன்னியோ? உனக்கு என்ன விசரே," என்று அம்மா ஏசினார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளை என்ன கேட்டது? எங்கடை செத்த ஆக்கள் எங்கை எண்டோ?" என்றார். ஓம் என்றேன். பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

முதலாம் தேதி சினியோரா நகரத்துக்குள் வியா மக்வேதா வீதிப் பக்கம் இருந்த தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் குடும்பக் கல்லறைக்குப் போய்விட்டு வருவார். பூசைக்குப் போய்வந்த அப்பா, சாரத்துக்கு மாறினார். எலுமிச்சை மரங்களுக்குப் பூச்சி ஏறாமல் இருக்க அடிமரத்தில் சுண்ணாம்பு பூசுகிற காலம் அது. கரைத்த சுண்ணாம்பு வாளி தயாராக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். பூச்சட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு தூரிகையைத் தோய்த்தார்.

அம்மா ஓடிவந்தார். "இஞ்சேருங்கோ, என்ன வேலை செய்யிறியள்?"

"நாளைக்கு ஆத்துமாக்கள் திருநாள். கல்லறையை இப்பிடிக் கறுத்துப்போய்க் கிடக்க விடுறதோ?"

"அது அவையின்ரை சாமானெல்லோ!"

"சாமானோ? பிள்ளை நிக்குது, தெரியேல்லையோ," என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் அது ஒரு பெரிய காரியம். திருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன்பே ஊர் முழுவதும் சேமக்காலையில் நிற்கும். புல் பிடுங்கி, மணல் பரப்பி, தங்கள் தங்கள் கல்லறைக்கு வெள்ளை அடிப்பார்கள். திருநாளன்று பாதிரியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரும்போது கறுத்துப்போன கல்லறை ஒன்று கண்ணில் பட்டால், அந்தக் குடும்பத்தின் மானம் கப்பலேறிவிடும். இதெல்லாம் எனக்கு அம்மா சொல்லித் தெரியும். ஆகவே அப்பா செய்ததில் எனக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை. மாறாக, எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வகுப்பில் எனக்கு நடந்த அவமானத்தைத் துடைக்கத்தான் அப்பா அந்தப் பிள்ளையைச் சொந்தமாக்குகிறார் என்று நினைத்தேன். பாண்காரர் தன் மகளுக்காக இப்படிச் செய்வாரா?

இரண்டு பூச்சுப் பூசினார். கூரைக்கு, சிறுமிக்கு, குருவிக்கு, எழுத்துக்கு, எல்லாவற்றுக்கும். பின்னேரம் காய்ந்தபோது விறாந்தையின் கடைசி வெளிச்சமாக இருந்தது. அம்மா தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய், சினியோராவின் ஜெரேனியங்களையே பறித்துக்கொண்டு வந்து அதன் காலடியில் வைத்தார்.

மறுநாள் விடிய என் தலையணைக்குப் பக்கத்தில் சீனிப் பொம்மை ஒன்று இருந்தது. குதிரையில் ஏறிய வீரன். வாளும் கையும் உடைந்திருந்தன. "அந்தப் பிள்ளை கொண்டந்து வைச்சிருக்கு," என்றார் அப்பா. பேருந்தில் யாரோ இடித்ததில் கை உடைந்துபோயிற்று என்று அம்மா வாய்தவறிச் சொன்னார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்று பேரும் விறாந்தைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொன்னோம். அப்பா கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை. அம்மா சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தடிமன் என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் சினியோராவின் கார் வந்தது. கூடவே ஒரு பேராசிரியரும் இறங்கினார். அவர் சிசிலியின் பழைய கல்லெழுத்துகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். சினியோராவின் கல்லும் அதில் வரப்போகிறது என்று சினியோரா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அவர் கிழமைக் கடைசியில் வருவார் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். படக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மனிதர் நேரே விறாந்தைக்கு நடந்தார்.

பேராசிரியர் போட்ட சத்தம் கேற்றடி வரை கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் பூச்சட்டி ஒன்றின் மேல் பூவோடு சேர்த்து உட்கார்ந்திருந்தார். சினியோரா கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார். எண்பது வயதை நெருங்கியவர். எப்போதும் கறுப்புடை. கோபம் வந்தால் சத்தம் போடுகிறவரில்லை. அன்று அவர் முகத்தில் அசைவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஐயோ மாதாவே" என்று குசினிக்கு ஓடி, ஒரு போத்தல் வினாகிரியும் துணியுமாகத் திரும்பி வந்தார். சுண்ணாம்புக் கறைக்கு வினாகிரியை விட ஏற்றது என்ன இருக்கிறது? பேராசிரியர் பூச்சட்டியிலிருந்து துள்ளி எழுந்து போத்தலைப் பறித்தார். அது கல்லையே தின்றுவிடும் என்று பிறகு விளக்கினார்கள். அப்போது அவர்கள் இரண்டு பேரும் போத்தலை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்ற காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் விஷயம் சின்னதில்லை. வேலை போனால் அந்த இரண்டு அறைகளும் போகும். அடுத்து வந்த தை மாதம் அப்பாவின் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நாங்கள் அந்த நாட்டில் தங்குவதற்கு இருந்த ஒரே காகிதம் அது. வேலை கொடுத்தவர் கையெழுத்து வைக்காவிட்டால் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். இதை அம்மா ஒவ்வொரு நாளும் செபத்தில் சேர்த்துச் சொல்வதால் எனக்கும் மனப்பாடம். வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைப் போல் அப்பாவின் முகமும் வெளுத்திருந்தது.

ஏன் இதைச் செய்தாய் என்று சினியோரா அப்பாவிடம் கேட்டார். ஒரேயொரு கேள்விதான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வா, சொல்லு," என்றார்.

நான் முன்னுக்கு வந்து நின்றேன்.

"பிழை என்ரைதான். தெரியாமல் செய்துபோட்டன். மன்னிக்கச் சொல்லிக் கேள்," என்றார் அப்பா.

என் அப்பா மன்னிப்புக் கேட்பதா? அதுவும் எனக்காகச் செய்த காரியத்துக்கு? கழுத்தை நிமிர்த்தி இத்தாலியனில் சொன்னேன். இந்தக் கல்லறையை இத்தனை காலமாக யாரும் கவனிக்கவில்லை, அதனால் தான் கவனித்ததாக அப்பா சொல்கிறார் என்றேன். அப்பாவுக்குப் பேசத்தான் வராதே தவிர, பாதி விளங்கும். அவருடைய புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

"வேலையாலை நிப்பாட்ட வேண்டாமெண்டு சொல்லு. பழுதானதை நானே கழுவித் தாறன். பிள்ளையின்ரை படிப்புக் கெட்டுப்போம் எண்டு சொல்லு."

எங்கள் ஊரில் கல்லறைக்கு முன்னால் பூச்சட்டி அடுக்கி மறைக்க மாட்டார்கள், வருடத்துக்கு ஒரு தடவை வெள்ளை அடிப்பார்கள், அதைச் செய்யாத குடும்பத்தை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று அப்பா சொல்கிறார் என்றேன். பேராசிரியர் வாயைப் பிளந்தார். அம்மா பின்னாலிருந்து என் முதுகில் நறுக்கென்று கிள்ளினார். "எடியே, அவர் சொன்னதைச் சொல்லடி."

அப்பா அம்மாவைப் பொறு என்று கையால் காட்டினார். பிறகு எனக்கு முன்னால் குந்தி, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"எங்களுக்கும் அங்கை ஒரு பிள்ளை கிடக்கு. உனக்கு மூத்தவள். நாலு வயசிலை காய்ச்சல் வந்து போனவள். இப்ப சண்டையாலை ஊர்ச்சனம் எல்லாம் இடம்பெயர்ந்திட்டுது. அவளின்ரை கல்லறைக்கு வெள்ளை அடிக்க ஒருத்தரும் இல்லை. அதுதான், கிட்ட இருக்கிறதுக்கு அடிச்சனான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, அப்பாவும் என்னைப் போலவே ஒரு செத்த பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டாரே! வகுப்பில் நான் எழுந்து நின்று விட்ட கதையை, கொஞ்சம் மாற்றி, சினியோராவின் மனம் இளகட்டும் என்று விடுகிறார். எனக்கு மூத்தவள் யாரும் கிடையாது. அப்படி ஒருத்தி இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா? வெட்கத்தில் என் காது சுட்டது. வேலை போனால் போகட்டும், பொய் சொல்லி இரக்கம் கேட்கிற குடும்பம் நாங்கள் இல்லை. அப்பாவை அந்தச் சிறுமையிலிருந்து நான் காப்பாற்றியாக வேண்டும்.

சினியோராவின் பக்கம் திரும்பினேன். "அவ்வளவுதான்," என்றேன்.

சினியோரா என்னைப் பார்க்கவில்லை. குந்தியிருந்த அப்பாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா எழுந்தார். பிறகு சினியோரா பேராசிரியரிடம், இதை எடுக்க முடியுமா என்று கேட்டார். ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது, முழுதாக இறுகவில்லை, தண்ணீரும் பஞ்சும் பொறுமையும் இருந்தால் நாலு நாளில் எடுத்துவிடலாம் என்று அவர் முனகினார். அப்படியானால் நாலு நாளும் உங்களுக்கு இங்கேதான் சாப்பாடு என்றார் சினியோரா. அப்பாவிடம், இருட்டுவதற்குள் இந்தப் பூச்சட்டிகள் இங்கே இருக்கக்கூடாது என்றார். இரண்டு அடி நடந்தவர் நின்றார். அடுத்த வருடம் சுண்ணாம்பு வேண்டாம், பூ மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே போனார். யாருடைய கையையும் தொடுகிற மனுஷி இல்லை அவர்.

அடுத்த வருடம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. வெற்றி பெற்றவர்கள் உட்காருவதில்லை.

நாலு நாளும் அப்பாவும் பேராசிரியரும் கல்லுக்கு இரண்டு பக்கமும் இருந்து ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். முதல்நாள் அப்பாவைக் கிட்ட வரவே விடாத பேராசிரியர், மூன்றாம் நாள் குருவிப் பக்கத்தை அப்பாவிடமே விட்டுவிட்டார். அப்பாவின் கை அவ்வளவு பக்குவம். எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்லி நான் பேராசிரியரை நச்சரித்தேன். ஒரு பெண்ணின் பெயர், தகப்பனின் பெயர், கடைசியில் ஊரின் பெயர். அந்த ஊர் சிசிலியில் இல்லை, கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கிறது, வெளியூரில் இருந்து வந்தவர்களின் கல்லில்தான் இப்படி ஊரையும் சேர்த்து வெட்டுவார்கள் என்றார். வகுப்பில் நான் இதை விளக்கிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பாண்காரரின் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எழுத்தின் பள்ளங்களுக்குள் போன வெள்ளையை முழுதாக எடுத்தால் கல்லில் கீறல் விழும் என்று பேராசிரியர் அப்படியே விட்டுவிட்டார். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கடையில் முழு விலை கொடுத்து வாங்கினேன். மற்றக் கல்லெழுத்துகளைப் படத்தில் கண்டுபிடிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். எங்கள் கல்லின் எழுத்து மட்டும் பளிச்சென்று தெரியும். அப்பாவின் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. அப்பாவின் சுண்ணாம்பு இருக்கிறது.

பதினான்கு வயதில், அம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. என்னுடைய அதே நெற்றி. அன்றுதான் அப்பா பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கும் நான் வருந்தியது சினியோராவிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்றுதான். ஆனாலும் காரியம் வென்றதே, என் வாய்ச் சாமர்த்தியத்தில்தானே எல்லாம் தப்பியது என்று சமாதானம் செய்துகொண்டேன். கதையை விடவில்லை. கூடின இடத்திலெல்லாம் சொன்னேன்.

இருபத்திரண்டு வயதில், தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளையின் புதுநன்மை விருந்தில் ஐம்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'அவ்வளவுதான்' என்று நான் சொன்ன இடத்துக்கு வந்து, அந்த ஒரு சொல்லில் எங்கள் வேலையும் வீடும் பெர்மெஸ்ஸோவும் தப்பின என்று முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டில் றோல்ஸ் கொண்டுவந்த அம்மா நின்றார்.

"நீ ஒண்டும் காப்பாத்தேல்லை," என்றார். "சினியோராவுக்கு எல்லாம் முதலே தெரியும். வேலைக்குச் சேந்த முதல் கிழமையே மூத்தவளின்ரை படத்தைக் காட்டிச் சொன்னனான். அப்பாவும் பக்கத்திலைதான் நிண்டவர்." சொல்லிவிட்டு றோல்ஸைக் கொடுத்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சினியோராவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம். அன்று அந்த விறாந்தையில் நின்றவர்களில் அதை அறியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேராசிரியர். அவரிடம் சொல்ல அப்பாவுக்கு என்ன இருக்கிறது?

என் ஒன்பது வயதில், அன்று பின்னேரம் பூச்சட்டிகளை எல்லாம் தூக்கி மாற்றிவிட்டு நானும் அப்பாவும் கேற்றுப் பக்கம் நடந்து வந்தோம். அவர் என் கையைப் பிடித்திருந்தார். சுண்ணாம்பு காய்ந்து சொரசொரத்த கை. எலுமிச்சை மரங்களைத் தாண்டும்போது, "நான் கடைசியாச் சொன்னது உனக்கு விளங்கினதோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. எல்லாம் விளங்கினது," என்றேன்.

அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் எதையோ கேட்பேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நானும் கேட்டேன்.

"என்ரை இத்தாலியன் எப்பிடி அப்பா இருந்தது?"

"நல்லாக் கதைச்சாய் பிள்ளை," என்றார் அப்பா. "நல்லாக் கதைச்சாய்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன்.